கனகம் கொன்ற டீச்சர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் ஒரு மெட்ரிக் பள்ளி, சென்ற ஜனவரியில் உலகப் போர்களுக்கு ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தது. நாள் வெள்ளிக்கிழமை. நேரம், ராகு காலம் கழிந்து பன்னிரண்டு மணிக்கு மேல். குண்டு போடுகிறவர்கள்கூட நேரம் பார்த்துப் போடுவதாகத் தெரியவில்லை; அதை நிறுத்துகிறவர்களுக்கு மட்டும் நல்ல நேரம் தேவைப்பட்டது. ஆயுதம் பேச்சுப் போட்டி. தலைப்பு, 'ஆயுத மோதலும் குழந்தைகளின் கல்வியும்'. சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அழைப்பு போயிற்று. முதல் பரிசுக்கு வாங்கி வைத்திருந்த கோப்பை, எல்.கே.ஜி. பிள்ளையைவிட உயரம்.

அந்த அறிவிப்பைப் பலகையில் ஒட்டியவள் கனகம், பள்ளியின் ஆயா. ஒட்டிவிட்டு ஒருமுறை எழுத்துக் கூட்டாமல் சரளமாகவே படித்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆயுத மோதல் அவளுக்கு அனுமதித்த கல்வி அவ்வளவுதான். ஆனால் அந்தத் தலைப்புக்கும் தனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தலைப்பு அவ்வளவு சுத்தமான தமிழில் இருந்தது.

கனகம் பிறந்தது வன்னியில். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சண்டை மறுபடி தொடங்கியது. அவள் பள்ளிக்கூடத்தில் குண்டு விழவில்லை. முதலில் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்த சனம் வகுப்பறைகளில் தங்கியது. அவர்கள் போனதும் இயக்கத்துப் பையன்கள் வந்தார்கள். அவர்கள் போனதும் ராணுவம் வந்தது. ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட இரண்டு தரப்பாரும், பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு இல்லை என்கிற ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். கடைசியில் பெஞ்சுகளை உடைத்து அடுப்பு எரித்தார்கள். அதற்குள் கனகத்தின் அப்பா மன்னாரில் படகு பிடித்துவிட்டார்.

இந்தக் கரையில் அவளை அகதி முகாமில் சேர்த்தார்கள். பிறகு பள்ளியிலும் சேர்த்தார்கள், ஒன்றாம் வகுப்பில். 'அங்கே படித்ததற்கு என்ன அத்தாட்சி?' என்று தலைமையாசிரியர் கேட்டாராம். அத்தாட்சி அடுப்பில் எரிந்துபோயிருந்தது. மூன்றாம் வகுப்புப் பெண் மறுபடி 'அணில், ஆடு' என்று தொடங்கினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் அவள் தலைதான் மற்றவர்களுக்கு மேலே தெரியும். அந்தத் தலையை மாதா மாதம் அதிகாரிகள் முகாமுக்கு வந்து எண்ணிவிட்டுப் போவார்கள். எண்ணுகிற நாளில் தலை முகாமில் இருந்தாக வேண்டும்; பள்ளிக்கூடத்தில் இருந்தால் அது தலையில்லை. மறுநாள் வகுப்பில், 'நேத்து ஏன் வரல?' என்று முட்டி போட வைப்பார்கள். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போய்விட்டாள். அங்கே யாரும் முட்டி போடச் சொல்லவில்லை. முந்திரி ஓட்டிலிருந்து கசியும் பாலில் விரல் தோல் மட்டும் உரிந்தது.

இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. குள்ளஞ்சாவடியில் பஸ் ஏறி, வடலூர் வழியாக டவுன்ஷிப்புக்கு வேலைக்கு வருகிறாள். கணவன் திருப்பூரில் பெயின்ட் அடிக்கிறான். ஒரே மகள் வெண்மதி, முகாமுக்குப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அந்தப் பள்ளி பத்தோடு முடிந்துவிடும். வெண்மதிக்கு நர்ஸாக வேண்டும். அதற்குப் பதினொன்றில் பயாலஜி வேண்டும். அம்மா வேலை செய்கிற பள்ளியிலேயே அது இருந்தது. ஊழியர் பிள்ளைகளுக்குச் சலுகையும் இருந்தது. ஆனால் கனகம் கான்ட்ராக்ட். நெய்வேலியில் இந்த ஒரு சொல் போதும், மேலே விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இருந்தாலும் கேட்டுப் பார்த்தாள். அலுவலக மேலாளர் சோமசுந்தரம் நல்ல மனிதர். மறுப்பதைக்கூட உட்காரச் சொல்லித்தான் மறுப்பார்.

"கான்ட்ராக்ட்கூட பரவால்லம்மா. ஆனா நீங்க கேம்ப். இது சென்ஸிடிவ் ஏரியா. சுத்தி மைன்ஸ், பவர் பிளான்ட். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா மேனேஜ்மென்ட்தானே பதில் சொல்லணும்?"

"என்ர பிள்ளை என்ன சார் செய்யப்போறாள்?"

"ஒண்ணும் செய்ய மாட்டா. அது எனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியணுமே."

வெண்மதி பிறந்தது கடலூர் அரசு ஆஸ்பத்திரியில். கடலை அவள் பார்த்ததே ஒரு காணும் பொங்கலன்று, சில்வர் பீச்சில், சுண்டல் தின்றுகொண்டு. ஆனால் காகிதத்தில் அவள் கடல் கடந்து வந்தவள், நாட்டுக்கு ஆபத்தானவள். அவளைப் பெற்றவளோ அதே பள்ளியின் எல்லா அறைச் சாவிகளையும் இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடினாள். தாய் பாதுகாப்பு, மகள் ஆபத்து. இதில் முரண் எதுவும் சோமசுந்தரத்துக்குத் தெரியவில்லை. ஆபத்து படிக்க வந்தால்தானே ஆபத்து, கூட்ட வந்தால் என்ன?

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பத்தாம் வகுப்பு அஸ்வினின் அம்மா சந்திரகலா கனகத்தைத் தேடி வந்தாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். கணவர் சிங்காரவேலு மைன்ஸில் அதிகாரி, பள்ளிக் கமிட்டியில் உறுப்பினர். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கனகமும், இன்னொரு ஆயா தனகோட்டியும் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஆயாம்மா, நீங்க சிலோன்தானே?"

"முந்தி மேடம். இப்ப குள்ளஞ்சாவடி பஸ்."

"அஸ்வின் பேசுறான். கூகுள்ல இருக்கிறத எல்லாப் பிள்ளையும் எடுத்துரும். நமக்கு உண்மைச் சம்பவமா, லைவா வேணும். நீங்க கிளாஸ்ல இருக்கும்போது குண்டு விழுந்திருக்குமில்ல?"

"எங்கட பள்ளிக்கூடத்தில விழேல்லை மேடம்."

சந்திரகலாவின் முகம், ஆடித் தள்ளுபடி நேற்றோடு முடிந்துவிட்டது என்று கேட்டதுபோல் ஆயிற்று. கனகம் நடந்ததைச் சொன்னாள். சனம் வந்து தங்கியது, பையன்கள் வந்தது, ராணுவம் வந்தது, பெஞ்சை எரித்தது, இங்கே வந்து திரும்ப ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது. சந்திரகலா கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவும் போதாதோ மேடம்?"

"பெஞ்சை எரிச்சதுக்கெல்லாம் ஜட்ஜ் அழ மாட்டாங்க ஆயாம்மா. யாரும் சாகலையா? டீச்சர் யாராவது?"

"மூன்றாம் வகுப்புக்கு பிரபாவதி டீச்சர்..." என்று கனகம் இழுத்தாள்.

"அவங்களுக்கு என்ன ஆச்சு?"

பிரபாவதி டீச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு பெற்று, கிளிநொச்சியில் முழங்கால் வலியோடு சௌக்கியமாக இருந்தார். கனடா, பாரிஸ், குள்ளஞ்சாவடி என்று சிதறிப்போன மாணவிகளுக்கெல்லாம் தினமும் காலையில் ரோஜாப்பூ படம் அனுப்புவார், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். அன்று காலை வந்த ரோஜா கனகத்தின் கைபேசியில் இன்னும் திறக்கப்படாமல் இருந்தது.

சந்திரகலா குரலைத் தாழ்த்தினாள். "உங்க பொண்ணுக்கு லெவன்த் சீட் கேட்டீங்களாமே, சோமசுந்தரம் சார் சொன்னாரு. இவுககிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறேன். கமிட்டியில இருக்காகல்ல."

கனகம் கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"பிரபாவதி டீச்சர் செத்துப்போனா மேடம்."

சந்திரகலா பதிவுப் பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

தன்னிடம் இப்படி ஒரு திறமை இருப்பது கனகத்துக்கே அன்றுதான் தெரிந்தது. விமானம் கூரைக்கு மேல் இரண்டு தரம் சுற்றியது. டீச்சர் பிள்ளைகளை மேசைக்கு அடியில் தள்ளினார். கடைசிப் பிள்ளையைத் தள்ளும்போது குண்டு விழுந்தது. புகை அடங்கிப் பார்த்தால், டீச்சரின் கை மட்டும் கரும்பலகைப் பக்கம் நீண்டு கிடக்கிறது, விரலுக்கிடையில் சாக்பீஸ், வெள்ளைச் சாக்பீஸ் சிவப்பாகியிருக்கிறது. அந்தக் கடைசிப் பிள்ளை யார் என்று சந்திரகலா கேட்டாள். 'நான்தான்' என்றாள் கனகம். சந்திரகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சூப்பர் ஆயாம்மா" என்று துடைத்துக்கொண்டே போனாள்.

தனகோட்டி அதுவரை ஒரே டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, ஞாயித்துக்கெழமயானா உனுக்கு போன் பண்ணிகினு இருக்குமே, அந்த டீச்சரம்மாதான?"

"ஓம்."

"பாவிக்கா நீ. நல்லா இருக்கிற மனுசிய சாவடிச்சிட்ட."

"சீட் வேணுமே."

"எங்க வூரு பள்ளிக்கூடம் இருந்த எடத்துல இப்ப சுரங்கப் பள்ளம். குண்டெல்லாம் ஒண்ணும் போடல, மெஷினு வந்து மண்ணோட அள்ளிகினு போயிடுச்சி. அதச் சொன்னா எதுனா சீட்டு குடுப்பாங்களா?"

"ஆராவது செத்தவையோ?"

"இல்லியே."

"அப்ப கஷ்டம்."

வெள்ளிக்கிழமை வந்தது. மேடையில் குத்துவிளக்கு, சரஸ்வதி படம், பூஜை. போரில் படிப்பு இழந்த குழந்தைகளுக்காகக் கல்விக் கடவுளிடம் விண்ணப்பம் போயிற்று. அத்தனை பள்ளிகள் இடியும்போது அந்த அம்மாள் எங்கே போயிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. சிறப்பு விருந்தினர், நடுவர்கள், தாளாளர், கமிட்டி உறுப்பினர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பக்கவாட்டில் தண்ணீர்க் கேனோடு கனகம் நின்றாள்.

ஆறேழு பிள்ளைகள் பேசி முடித்த பிறகு ஒலிபெருக்கியில் ஒரு பெயர் கேட்டது. "அடுத்து வெண்மதி, அரசு உயர்நிலைப் பள்ளி."

கனகம் திரும்பிப் பார்த்தாள். அவள் மகள்தான். பள்ளித் தமிழாசிரியையோடு வந்திருக்கிறாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீலச் சுடிதார், மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, நடுக்கமில்லாத நடை.

"எனக்குத் தெரிந்த ஒரு சிறுமி மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றாள்" என்று வெண்மதி தொடங்கினாள். அரங்கில் ஒருவர் சிரித்தார். அவள் தொடர்ந்தாள். பெஞ்சை எரித்து எத்தனை வேளைச் சோறு பொங்கியிருப்பார்கள் என்று கேட்டாள். தலை எண்ணும் நாளில் வகுப்புக்குப் போகாததற்கு முட்டி போட்ட சிறுமியைப் பற்றிச் சொன்னாள். முந்திரிப் பால் பட்டு வெந்த விரலால் எழுதினால் நோட்டில் கறை படியும், அதனால் அவள் எழுதுவதையே நிறுத்திவிட்டாள் என்றாள். "சண்டை முடிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். இந்தப் பள்ளியில் ஆயாவாக இருக்கும் அவளுக்கும், அவளுடைய மகளான எனக்கும் இன்னும் முடியவில்லை" என்றாள். மணி அடித்தது. வணக்கம் சொல்லி இறங்கினாள்.

கனகத்தின் கையிலிருந்த டம்ளர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் அவள் எப்போது மகளிடம் சொன்னாள்? அடுப்படியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், தலை வாரிவிடும்போது, பாதிப் பாதியாக, யாருக்கோ நடந்ததுபோல் சொன்னது. பிள்ளை காதில் வாங்கவில்லை என்றே நினைத்திருந்தாள். நோட்டில் கறை படிந்ததைச் சொன்னதாக நினைவே இல்லை.

நடுவர்களில் ஒருவர் மதிப்பெண் தாளில் என்னவோ எழுதினார். இன்னொருவர் கைபேசியில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினார்.

பிறகு அஸ்வின் ஏறினான். நல்ல பையன், அம்மா சொன்னதைச் சொன்னான். விமானம் சுற்றியது. டீச்சர் தள்ளினார். சாக்பீஸ் சிவந்தது. கடைசியில் பையிலிருந்து நிஜமாகவே ஒரு சிவப்புச் சாக்பீஸை எடுத்து உயர்த்திக் காட்டினான். அது சந்திரகலாவின் சொந்தக் கற்பனை. சிறப்பு விருந்தினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடுவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அரங்கமே மூக்கை உறிஞ்சியது. பிரபாவதி டீச்சருக்கு அவர் உயிரோடிருக்கும்போது கிடைக்காத மரியாதை அது.

முதல் பரிசும், மாவட்டப் போட்டிக்குப் போகும் வாய்ப்பும் அஸ்வினுக்கு. நடுவர் கருத்துரையில் பெருந்தன்மையாகச் சொன்னார்: "அரசுப் பள்ளி மாணவி நன்றாகப் பேசினார். ஆனால், ஆயுத மோதல் எங்கே? தலைப்பை விட்டு விலகிவிட்டார். பயிற்சி தேவை."

கோப்பையைக் கொடுத்த கையோடு சிங்காரவேலு மைக்கைப் பிடித்தார். "என் மகன் சொன்னது கதையில்லை. அந்தக் கடைசிக் குழந்தை இதோ, நம் பள்ளியிலேயே இருக்கிறார். கனகம் அம்மா, மேலே வாங்க."

அவளை மேடைக்குத் தள்ளினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். தினமும் அவள் பெருக்குகிற மேடை. மேலேயிருந்து பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய மேடை என்று தெரிந்தது. சிங்காரவேலுவுக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. "இந்தத் தாயின் மகளுக்கு நம் பள்ளியில் பதினோராம் வகுப்பில் இலவச இடம் தர வேண்டும் என்று தாளாளரைக் கேட்டுக்கொள்கிறேன்." கைதட்டல். தாளாளர், வேறு வழியில்லாமல், தலையசைத்தார். மறுபடி கைதட்டல்.

"நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தார்கள்.

மூன்றாவது வரிசையில் வெண்மதி உட்கார்ந்திருந்தாள். அம்மாவையே பார்த்தாள். சற்றுமுன் இதே மைக்கில் அவள் சொன்ன சிறுமியும், அஸ்வின் சொன்ன சிறுமியும் ஒருத்தியாக இருக்கவே முடியாது. ஒரு பள்ளியில் பெஞ்சு எரிகிறது, இன்னொன்றில் குண்டு விழுகிறது. காது இருக்கிற யாருக்கும் புரிந்திருக்கும். கனகம் மேடையில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். ஒருவருக்கும் புரியவில்லை. வெண்மதி பேசியதை யாரும் கேட்டிருக்கவேயில்லை.

"தம்பி சொன்னது முழுக்க நான் சொன்னதுதான் ஐயா" என்றாள் கனகம். "ஒரு சொல்லும் பிசகேல்லை."

அதில் பொய் எதுவும் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் வெண்மதி தள்ளி நின்றாள். கூட்டம் குறைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பிரபாவதி டீச்சரைச் சாக்காட்டிப்போட்டீங்களே அம்மா."

"சாக்காட்டினாத்தான் சீட் எண்டினம். நான் என்ன செய்ய?"

"நான் உங்கட உண்மையைச் சொல்லித் தோத்திட்டன். அவன் உங்கட பொய்யைச் சொல்லி வெண்டிட்டான்."

"நீ பேசப்போறாய் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தப் பொய்யை உனக்குத் தந்திருப்பனே."

"எனக்கு வேண்டாம். அந்தச் சீட்டும் வேண்டாம். நான் அங்க போனா, எல்லாரும் என்னைச் சுத்தி நிண்டு குண்டைப் பற்றிக் கேப்பினம்."

"கேக்கட்டும். பயாலஜியைப் படி. குண்டை நான் பாத்துக்கொள்ளுறன்."

பஸ் வந்ததும் வெண்மதி முன்னால் ஏறினாள். பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். வாரம் முழுக்க அப்படித்தான். தட்டை நீட்டினால் வாங்குவாள், பேச மாட்டாள்.

மேடைத் தலையசைப்பும் அலுவலகத் தலையசைப்பும் வேறு என்பது அடுத்த வாரம் தெரிந்தது. சோமசுந்தரம் இந்த முறையும் உட்காரச் சொன்னார்.

"மேடையில சொல்றது ஒரு மரியாதைக்குமா. வெரிஃபிகேஷன், அது இதுன்னு இருக்கு. ஜூன்ல பாப்போம்."

வெண்மதி அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். வர மாட்டேன் என்றுதான் சொன்னாள். கையெழுத்து கேட்டால் யார் போடுவது என்று கனகம் அதட்டிக் கூட்டி வந்திருந்தாள். ஜன்னல் வழியாக மெயின் கேட் தெரிந்தது. கேட்டில் பெரிய ஃப்ளெக்ஸ்: கோப்பையோடு அஸ்வின், பக்கத்தில் பொன்னாடையோடு கனகம், கீழே 'மாவட்டப் போட்டிக்குச் செல்லும் எங்கள் மாணவனை வாழ்த்துகிறோம்'. பள்ளியின் யூடியூப்பில் அந்த வீடியோவை ஊரே பார்த்திருந்தது. அட்மிஷன் விசாரிக்க வந்தவர்கள் அதைப் பற்றியே பேசினார்கள்.

கனகம் எழுந்திருக்கவில்லை.

"சார், ஒரு சந்தேகம். மாவட்டப் போட்டி எப்ப?"

"அடுத்த மாசம். ஏம்மா?"

"இல்லை, அதுக்கு முந்தி உண்மையைச் சொல்லுறதோ, பிறகு சொல்லுறதோ எண்டு யோசிக்கிறன். அந்த டீச்சர் சாகேல்லை சார். கிளிநொச்சியில இருக்கிறா. வேணுமெண்டா இப்பவே வீடியோ கோல் எடுத்துத் தாறன், பேசுங்கோ."

சோமசுந்தரம் தண்ணீர் குடித்தார். பிறகு சிரித்தார். "என்னம்மா வெளையாடுறீங்க. யாரு நம்புவா?"

கதவு திறந்தது. வெண்மதி உள்ளே வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எங்க தமிழம்மா நான் பேசினதையும் வீடியோ எடுத்து வச்சிருக்காங்க சார்" என்றாள், நல்ல கடலூர்த் தமிழில். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு யூடியூப்புல போட்டா நம்புவாங்க. நீங்க அன்னிக்கு கேக்கல. இப்ப போட்டுக் காட்டட்டுமா?"

சோமசுந்தரம் வெளியே போய்ச் சிங்காரவேலுவுக்குப் போன் செய்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. கேட்டபோதெல்லாம் திறக்காத கதவை, நடந்ததை நடந்தபடி சொல்வேன் என்கிற ஒரு மிரட்டல் கால்மணி நேரத்தில் திறந்துவிட்டது. நாட்டின் பாதுகாப்புக்கு இருந்த ஆபத்தும் அதோடு நீங்கிற்று. திரும்பி வந்தவர் விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"எந்த குரூப்மா?"

"பயாலஜி" என்று தாயும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அன்றைக்கே அட்மிஷன் ரசீதைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். மாவட்டப் போட்டியில் அஸ்வினுக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசு வாங்கிய பள்ளியின் பேச்சில் இரண்டு டீச்சர்கள் செத்திருந்தார்கள்.